பாடியவர் பெயர்

1930-இல் கோழிக்கோட்டிலிருந்து பையன்னூருக்கு உப்புக் காய்ச்சக் கிளம்பிய கே. கேளப்பனின் தொண்டர்கள் வழிநெடுக ஒரு நடைப்பாட்டைப் பாடிக்கொண்டு போனார்கள். மலையாளம் தெரிந்தவர்களுக்கு அந்தப் பாட்டை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பள்ளி விழாவிலும் கட்சி ஊர்வலத்திலும் அது இன்றும் ஒலிக்கிறது. எழுதியவர் அம்சி நாராயண பிள்ளை. குமரி மாவட்டத்தின் புதுக்கடைக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்த அம்சி. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநில எல்லை வகுத்தபோது பாட்டு மலையாளத்தின் பக்கம் நின்றுவிட்டது, எழுதியவரின் ஊர் தமிழ்நாட்டுக்குள் வந்துவிட்டது. இந்தப் பாட்டை முழுதாகப் பாடத் தெரிந்த பலருக்கு அவர் பெயர் தெரியாது, பெயர் தெரிந்த சிலருக்கு அவர் ஊர் தெரியாது. இதில் யாரும் யாருடைய பணத்தையும் பறிக்கவில்லை. விடுதலைப் போராட்டத்துக்காக எழுதியவர் பாட்டுக்கு விலை கேட்டிருக்கவும் மாட்டார். ஆனாலும் ஏதோ ஒன்று இழப்பாகியிருக்கிறது என்பதை நாம் உணர்கிறோம். பதிப்புரிமைச் சட்டம் இந்த இழப்பைத்தான் தார்மிக உரிமை என்ற தலைப்பில் எடுத்துக்கொள்கிறது. பணத்திலிருந்தும் கட்டுப்பாட்டிலிருந்தும் பெயரைப் பிரித்தெடுத்து, விற்கவோ விட்டுக்கொடுக்கவோ முடியாத உரிமையாக அதை மதிக்க வேண்டும் என்பது என் வாதம். எழுத்தாளருக்கு அது எவ்வளவு வேண்டுமோ, அதைவிட அதிகமாக நிகழ்த்துகலைஞருக்கு வேண்டும்.

படைப்பாளியின் தார்மிக உரிமை 1928-இல் ரோம் நகரில் பெர்ன் உடன்படிக்கையைத் திருத்தியபோது உலகச் சட்டத்துக்குள் நுழைந்தது. நம் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு அதன் இந்திய வடிவம். உரிமையை முழுக்க எழுதிக்கொடுத்த பிறகும் இரண்டு விஷயங்கள் ஆசிரியரிடமே தங்கும் என்கிறது அந்தப் பிரிவு: இது என் படைப்பு என்று சொல்லும் உரிமை, தன் மதிப்புக்குக் கேடு வரும்படி படைப்பைச் சிதைத்தால் தடுக்கவோ இழப்பீடு கேட்கவோ உள்ள உரிமை. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் இதை இன்னும் வலுப்படுத்தியது. அதற்கு முன்னால் ஆசிரியர் இறந்த பிறகு அவருடைய வாரிசு சிதைவை மட்டுமே தட்டிக்கேட்க முடியும்; இப்போது ஆசிரியரின் பெயரையும் கேட்டு வாங்கலாம். பதிப்புரிமைக் காலம் முடியும்வரைதான் சிதைவைத் தடுக்கலாம் என்றிருந்த வரம்பும் எடுக்கப்பட்டது. இவை வெறும் ஏட்டுச் சரக்கு என்று நினைப்பவர்கள் அமர்நாத் சேகல் வழக்கைப் பார்க்கலாம். டெல்லி விஞ்ஞான் பவனின் சுவரை நிறைத்து நின்ற அவருடைய வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-இல் அரசு கழற்றிக் கிடங்கில் போட்டது. சிற்பத்தைக் காசு கொடுத்து வாங்கியது அரசு, சுவரும் அரசுடையது. இருந்தும் 2005 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் எஞ்சிய துண்டுகளைச் சிற்பியிடம் திருப்பிக் கொடுக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. பொருளை வாங்கியவருக்கு அதை உருவாக்கியவரின் மானம் சேர்ந்து விற்கப்படவில்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

நிகழ்த்துபவரின் கதை வேறு. மேடையில் பாடுவது, ஆடுவது, நடிப்பது எல்லாம் காற்றோடு போகிறவை, அவற்றில் சட்டம் காக்க என்ன இருக்கிறது என்ற எண்ணமே நெடுங்காலம் நிலவியது. தேவ் ஆனந்த் அளவுக்குப் புகழ்பெற்ற ஒரு நடிகரே தன் நடிப்பில் தனக்கு உரிமை உண்டென்று வாதாடியபோது, நடிப்பு சட்டம் சொல்லும் படைப்பு வகைகளில் எதிலும் சேராது என்று 1978-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் கைவிரித்தது. 1994-இல் செய்த திருத்தம்தான் முதன்முதலாக நிகழ்த்துபவருக்கென்று ஓர் உரிமையைத் தந்தது. அதன் பொருளாதாரப் பக்கம் இப்போது 50 ஆண்டுகள் நீடிக்கிறது. தார்மிக உரிமை வந்து சேர 2012 ஆனது; 38பி பிரிவு அதைத்தான் பேசுகிறது. சட்டம் நிகழ்த்துபவர் என்று யாரையெல்லாம் சொல்கிறது என்று பார்த்தால் மனது நிறைகிறது. நடிகர், பாடகர், இசைஞர், நடனக்காரரோடு நிற்காமல் கழைக்கூத்தாடி, செப்படி வித்தைக்காரர், பாம்பாட்டி, சொற்பொழிவாளர் என்று நீள்கிறது அந்தப் பட்டியல். நேரடியாக நிகழ்த்துகிற எவரும் அதற்குள் அடக்கம். சபாவில் கச்சேரி செய்பவருக்கும் தெருவோரம் மகுடி ஊதுபவருக்கும் இடையில் சட்டம் வேறுபாடு காணவில்லை. அப்படியென்றால் குமரி மாவட்டத்துக் கோயில் கொடை விழாக்களில் வில்லடிப்பவரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்.

வில்லுப்பாட்டில் நிகழ்த்துபவரின் பங்கு எது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வாதத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. சுடலைமாடன் கதையோ இசக்கியம்மன் கதையோ முத்துப்பட்டன் கதையோ தலைமைப் பாடகரான புலவருடைய சொந்தக் கற்பனை இல்லை. ஏட்டிலிருந்தும் ஆசானின் வாயிலிருந்தும் வந்தது. ஊரில் பெரியவர்கள் எல்லாருக்கும் கதை மனப்பாடம். குடத்தின்மேல் வில்லைக் கட்டி, வீசுகோலை நாணில் போட்டு, மணிகள் குலுங்கப் புலவர் ஆரம்பிக்கிறார். குடம் அடிப்பவர், உடுக்கைக்காரர், தாளம் தட்டுபவர், கட்டை அடிப்பவர் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பின்பாட்டுப் பாடுகிறார்கள், வசனம் வரும்போது ஆமாம் போடுகிறார்கள். பீடத்தில் படைப்பு தயாராகிறதா, சாமியாடி எங்கே நிற்கிறார், கூட்டம் தூங்கி வழிகிறதா என்று புலவரின் கண் ஓடிக்கொண்டே இருக்கும். நேரம் இருந்தால் ஓர் இடத்தை அரைமணி விரிப்பார், நெருக்கடி என்றால் அதையே பத்து வரியில் கடப்பார். கதை தெய்வத்தின் சாவையோ வரத்தையோ தொடுகிற நேரத்தில் வீசுகோலின் வேகம் ஏறும், குடத்தின் அடி இறுகும், அந்த வேகத்தில்தான் சாமி வரும். நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டை ஆராய்ந்து 1988-இல் புத்தகம் எழுதிய அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்னும் பாட்டுக்கும் சாமியாட்டத்துக்கும் உள்ள இந்தப் பிணைப்பைத்தான் மையமாக எடுத்துக்கொண்டார். ஒரே கதையை இரண்டு குழுக்கள் பாடினால் ஒன்றில் சாமி இறங்குகிறது, மற்றதில் இறங்கவில்லை என்று ஊரார் சொல்கிறார்கள் என்றால், கதைக்கு வெளியே பாடுபவர் சேர்க்கும் ஒன்று இருக்கிறது என்றுதானே பொருள். அந்த ஒன்றுக்குத்தான் 38பி பிரிவு பெயர் கேட்கிறது.

இனி அப்படியொரு கொடை இரவின் காணொளி இணையத்தில் என்னவாகிறது என்று பாருங்கள். கோயில் பெயர் இருக்கும், ஊர் பெயர் இருக்கும், படம் எடுத்தவரின் சேனல் பெயர் ஓரத்தில் நிரந்தரமாக மின்னும். பாடிய குழுவின் பெயர் தலைப்பில் வருவது அதிர்ஷ்டம். குடம் அடித்தவரின் பெயரை எங்கே தேடுவது? சொந்த உபயோகத்துக்காகப் பதிவு செய்வதைச் சட்டம் குற்றமாக்கவில்லை, ஆக்கவும் கூடாது. ஊரார் தங்கள் கொடையைத் தங்கள் செல்போனில் வைத்திருப்பது அவர்கள் உரிமை. ஆனால் பொதுவெளியில் ஏற்றி விளம்பரம் ஓடவிடும்போது நிலைமை மாறுகிறது. இதற்குச் சொல்லப்படும் முதல் ஆட்சேபம், நாட்டார் கலைக்குச் சொந்தக்காரர் கிடையாது, அது ஊர்ச் சொத்து, நம் மரபில் தனிமனிதப் பெயருக்கு இடமே இல்லை, இதெல்லாம் ஐரோப்பாவிலிருந்து வந்த நோய் என்பது. முதல் பாதி உண்மை. கதை ஊருடையது, அதை யாரும் வேலி போட்டு அடைக்கக் கூடாது. அந்தப் பாட்டை அந்த இரவில் பாடிய குரல் மட்டும் ஒருவருடையது. இரண்டாம் பாதியோ தமிழ் வரலாற்றுக்கே எதிரானது. சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள் கையில் சில பாடல்கள் பெயரில்லாமல் வந்து சேர்ந்தன. அநாமதேயம் என்று எழுதிவிட்டு அவர்கள் அடுத்த பாட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. அந்தப் பாட்டுக்குள்ளேயே ஒளிரும் ஒரு தொடரை எடுத்து அதையே புலவருக்குப் பெயராகச் சூட்டினார்கள். செம்புலப்பெயனீரார் அப்படிப் பிறந்த பெயர், அணிலாடு முன்றிலார் அப்படிப் பிறந்த பெயர். ஞானசம்பந்தர் பதிகம்தோறும் திருக்கடைக்காப்பில் தன் பெயரை வைத்தார். முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகளில் குருகுஹ முத்திரை உட்கார்ந்திருக்கிறது. பெயர் தொலைந்த இடத்திலும் ஒரு பெயரை உண்டாக்கியேனும் வைத்த மரபு நம்முடையது. அந்த மரபின் பேரைச் சொல்லிக்கொண்டு, உயிரோடு எதிரில் உட்கார்ந்திருக்கும் பாடகரின் பெயரை விட்டுவிட நமக்கு என்ன நியாயம் இருக்கிறது?

மரபு என்ற ஒற்றைச் சொல் ஆட்களை எப்படி மறைக்கும் என்பதற்கு அண்மை வழக்கு ஒன்று இருக்கிறது. பொன்னியின் செல்வன் இரண்டாம் பாகத்தில் ஏ.ஆர். ரகுமான் இசையமைத்த ஒரு பாடல், தாகர்வாணி என்ற இந்துஸ்தானி மரபின் துருபத் பாடல் ஒன்றைத் தழுவியது என்று படக்குழுவே அறிவித்திருந்தது. அந்தத் துருபத் மரபின் பொதுச் சொத்தில்லை, தன் தந்தை பயாசுதீன் தாகரும் பெரியப்பா ஜாகிருதீன் தாகரும் இயற்றிய சிவ ஸ்துதி என்று பயாஸ் வாசிபுதீன் தாகர் வழக்குப் போட்டார். 2025 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அவ்விருவர் பெயரையும் போடச் சொல்லி இடைக்கால உத்தரவிட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவை ரத்து செய்தது. அமர்வின் தர்க்கம் கவனிக்கத் தக்கது: ஒன்றைச் சிறப்பாகப் பாடியிருக்கிறார்கள் என்பதால் மட்டும் அதை இயற்றியவர்கள் அவர்களே என்று ஆகிவிடாது. சட்டப்படி இது சரி என்றே எனக்குத் தோன்றுகிறது. வில்லுப்பாட்டுப் புலவரையும் கதையின் ஆசிரியர் என்று யாரும் சொல்ல மாட்டோம். ஆனால் இந்தத் தர்க்கத்தை ஏற்றுக்கொள்பவர் அதன் மறுபக்கத்தையும் ஏற்க வேண்டும். ஆசிரியர் என்ற வாசல் வாய்மொழிக் கலைஞருக்கு ஏறக்குறைய மூடியே இருக்கிறது, ஏனென்றால் முதலில் இயற்றியவர் யார் என்று அவரால் ஒருபோதும் நிரூபிக்க முடியாது. நிகழ்த்துபவர் என்ற வாசல் ஒன்றே அவருக்குத் திறந்திருக்கிறது. அதையும் நாம் அலட்சியம் செய்தால் அவர் சட்டத்தின் பார்வையில் இல்லாத ஆள் ஆகிவிடுகிறார்.

பெயர்தானே, அது என்ன அவ்வளவு பெரிய விஷயம், கூலி ஒழுங்காகக் கிடைத்தால் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. கூலி முக்கியம், அதை நான் குறைத்துப் பேசவில்லை. 2021 மார்ச்சில் வெளியான ‘எஞ்சாய் எஞ்சாமி’யைச் சுற்றி எழுந்த சர்ச்சை இங்கே உதவும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்து பாடகர் அறிவு அந்தப் பாட்டை எடுத்தார். சில மாதங்களில் ஓர் இசைப் பத்திரிகையின் அட்டையில் அந்தப் பாட்டைப் பாடிய மற்றவர் இடம்பெற, அறிவு இல்லாதபோது எதிர்ப்பு கிளம்பியது. பிறகு பத்திரிகை அவருக்கும் தனி அட்டை போட்டது. 2022 ஜூலையில் சென்னையில் நடந்த செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமல் பாட்டு அரங்கேறியபோது, அதில் தன் உழைப்பு எவ்வளவு என்று அவர் பகிரங்கமாக எழுதினார். இசையமைத்த சந்தோஷ் நாராயணனும் உடன் பாடிய தீயும் தங்கள் தரப்பைச் சொன்னார்கள். யார் பங்கு எவ்வளவு என்று தீர்ப்புச் சொல்வது இங்கே என் வேலையில்லை. பல கோடிப் பேர் கேட்ட பாட்டில் சச்சரவு முதலில் வெடித்த இடம் பணத்தில் இல்லை, யார் முகம் தெரிகிறது, யார் பெயர் ஒலிக்கிறது என்பதில் என்பதையே கவனிக்கச் சொல்கிறேன். தலைமுறைகளாகப் பேர் சொல்லி அழைக்கப்படாமல் சாதியால் மட்டுமே அடையாளப்பட்ட மக்களிலிருந்து வரும் கலைஞருக்குப் பெயர் அலங்காரம் கிடையாது. மனிதராக எண்ணப்படுவதன் முதல் படியே அதுதான். அடுத்த நிகழ்ச்சிக்கு அழைப்பு வருவதும் அந்தப் பெயரைத் தேடித்தான் என்பதால், கூலியும் கடைசியில் பெயரின் பின்னால்தான் வருகிறது.

இந்த இடத்தில் சட்டமே தடுமாறியிருக்கிறது. சினிமாவில் தற்செயலாகவோ துணையாகவோ வந்துபோகிறவர், தொழில் வழக்கப்படி டைட்டிலில் பெயர் வராதவர், நிகழ்த்துபவராகக் கருதப்பட மாட்டார் என்கிறது சட்டத்தின் ஒரு விதிவிலக்கு. சிதைவைத் தடுக்கும் உரிமை மட்டும் அவருக்கு உண்டாம், பெயர் கேட்கும் உரிமை கிடையாதாம். எது கொடுப்பதற்கு எளிதோ அது மறுக்கப்பட்டு, எதற்காக நீதிமன்றம் ஏற வேண்டுமோ அது தரப்பட்டிருக்கிறது. பெயர் போடாத வழக்கம் இருப்பதாலேயே பெயர் போட வேண்டியதில்லை என்பது, தவறு நெடுநாள் நடந்தால் சட்டமாகிவிடும் என்று சொல்வதற்குச் சமம். கோயில் கொடைக் காட்சிக்காகப் படப்பிடிப்புக்கு அழைத்துப்போகும் வில்லுப்பாட்டுக் குழுவையும் உடுக்கைக்காரரையும் இந்த விதி எளிதில் விழுங்கிவிடும். பயன்படுத்தும் விதத்தால் பெயர் சொல்ல முடியாத இடங்களில் விடலாம் என்று 38பி பிரிவில் இன்னொரு சலுகை உண்டு. முப்பது விநாடி வானொலி விளம்பரத்துக்கு அது பொருந்தலாம். எத்தனை பக்கம் வேண்டுமானாலும் விவரம் எழுத இடம் தரும் யூட்யூபுக்கு அது எப்படிப் பொருந்தும்? விட்டுக்கொடுத்தல் அடுத்த ஓட்டை. மனமொப்பி எழுதிக்கொடுத்தால் பெயருரிமையை விட்டுவிடலாம் என்ற திசையில் 2015-இல் சர்தாஜ் சிங் பன்னு வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் பேசியது. கேரள உயர் நீதிமன்றமோ 2019-இல் மாமாங்கம் பட வழக்கில், கதையை எழுதிக்கொடுத்த பின்னும் சஜீவ் பிள்ளையிடம் 57-ஆம் பிரிவின் உரிமை மிஞ்சுகிறது என்றது. 1986-இலேயே எழுத்தாளர் மன்னு பண்டாரியின் வழக்கில், ஒப்பந்தத்தின் சொற்களை 57-ஆம் பிரிவுக்கு உட்பட்டே வாசிக்க வேண்டும் என்று சொல்லப்பட்டுவிட்டது. என் நிலைப்பாடு இந்தப் பின்னிரண்டோடு. முன்பணம் வாங்கும் அவசரத்தில் ஆங்கிலத் தாளில் கையெழுத்திடும் கலைஞரிடம் மனமொப்புதல் என்று ஒன்று இருந்ததாக நான் நம்பவில்லை.

வலுவான ஆட்சேபம் ஒன்று மிச்சமிருக்கிறது. தார்மிக உரிமையைத் தாராளமாக வழங்கினால் கலையே உறைந்துபோகும், ஒவ்வொரு தழுவலுக்கும் யாராவது தடை கேட்பார்கள், வாரிசுகள் காவல் நாய்போல் நிற்பார்கள் என்பது அது. இளையராஜா அனுப்பும் நோட்டீஸ்களைச் சுட்டி இதைச் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. 2024-இல் மஞ்ஞும்மல் பாய்ஸ் படக்குழுவுக்குப் போன நோட்டீஸ், டைட்டிலில் பெயர் போட்டால் மட்டும் போதாது, அனுமதியும் வேண்டும் என்றது. அங்கே பெயர் வந்துவிட்டது, பிணக்கு அனுமதியையும் பணத்தையும் பற்றியது. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டியதால்தான் மக்கள் அனுதாபம் குறைந்தது. தடுக்கும் அதிகாரத்தைக் குறுக்கலாம் என்பதில் எனக்கு உடன்பாடு உண்டு. சட்டமும் ஆசிரியரின் மனவருத்தத்தை அளவுகோலாக வைக்கவில்லை, மதிப்புக்கு நேரும் கேட்டையே வைக்கிறது. நேர அளவுக்காக வெட்டுவதும் தொழில்நுட்பக் காரணத்துக்காக மாற்றுவதும் நிகழ்த்துபவருக்கு இழிவாகாது என்று 38பி பிரிவே விளக்கம் தருகிறது. தான் வடிவமைத்த கட்டடத்தை இடித்ததற்காக ராஜ் ரேவால் தொடுத்த வழக்கு 2019-இல் தள்ளுபடியானது, நிலத்தின் உரிமையாளர் இடிப்பதை ஆர்க்கிடெக்ட் தடுக்க முடியாது என்று. வில்லுப்பாட்டு ஒவ்வொரு இரவும் மாறுகிற கலை, மாற்றத்தைக் குற்றமாக்கினால் முதலில் சாவது அதுவே. சாமி வரும் வேளையின் பாட்டை வெட்டியெடுத்துக் கேலிக் காட்சிக்கு ஒட்டும்போது மட்டும் குறுக்கிடச் சட்டம் போதும். பெயருக்கு இந்த ஆட்சேபம் எதுவுமே பொருந்தாது. பெயர் சொல்வதால் எந்தத் தழுவலும் நிற்காது, எந்தப் பாட்டும் உறையாது. கம்பராமாயணப் பதிப்பாசிரியர்கள் பிற்காலத்தார் சேர்த்த பாடல்களைக் கிழித்தெறியவில்லை. மிகைப் பாடல்கள் என்று தனியே அச்சிட்டார்கள். சேர்க்கையும் வாழ்ந்தது, கம்பனின் எல்லையும் தெரிந்தது.

வழக்கு யார் போடுவார்கள் என்ற கேள்வி நியாயமானது. குழித்துறை நீதிமன்றத்துக்கு ஒரு குடக்காரர் தன் பெயருக்காக ஏறி இறங்குவார் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் நீதிமன்றம் இல்லாமலேயே இந்த நாட்டில் பெயர் சொல்லும் வழக்கம் ஒன்று நன்றாக வேரூன்றியிருந்தது. அகில இந்திய வானொலியில் கச்சேரி முடிந்ததும் அறிவிப்பாளர் பாடியவரைச் சொல்வார், வயலினைச் சொல்வார், மிருதங்கத்தைச் சொல்வார். சில விநாடிதான், ஆனால் பக்கவாத்தியக்காரர்களின் பெயர்கள் வீடுவீடாகச் சென்று சேர்ந்தது அந்தச் சில விநாடிகளால்தான். கொடை நோட்டீஸில் வரி கொடுத்தவர்களின் பெயரையும் கமிட்டி உறுப்பினர்களின் பெயரையும் விடாமல் அச்சிடும் ஊர், வில்லுக் குழுவின் ஐந்தாறு பெயர்களைக் கூடுதலாகச் சேர்க்கலாம். காணொளி ஏற்றுபவர் அந்த நோட்டீஸைப் பார்த்து அப்படியே எழுதலாம்.

அவசரமான வேலை ஒன்றும் இருக்கிறது. ஆசிரியரின் உரிமையை வாரிசு கேட்கலாம் என்று 57-ஆம் பிரிவு சொல்கிறது; நிகழ்த்துபவரைப் பற்றிய 38பி பிரிவில் அப்படி ஒரு வரியே இல்லை. இறந்துபோன பாடகருக்காகக் கேட்க அவர் மகளுக்குத் தெளிவான சட்ட வழி கிடையாது. பாராளுமன்றம் ஒரு வரியில் திருத்தக்கூடிய குறை இது, திருத்த வேண்டும். அதற்குள் கேசட் காலத்து வில்லுப்பாட்டுகள் டிஜிட்டலாகிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கேசட்டுகளின் உறைகளில் தலைமைப் புலவரின் பெயராவது இருக்கும். சிலவற்றில் குழுவினர் பெயரும் இருக்கலாம். ஒலியை மட்டும் உருவியெடுத்து உறையைத் தூக்கிப்போட்டால் அந்தப் பெயர்கள் திரும்பக் கிடைக்காது. ஆய்வாளர்களிடமும் கல்லூரித் தமிழ்த் துறைகளிலும் உள்ள பதிவு நாடாக்களுக்கும் இதே நிலைதான். மாற்றுகிறவர்கள் உறையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்துக் கோப்போடு சேர்க்க வேண்டும். உறையில் இல்லாத குடக்காரர், உடுக்கைக்காரர் பெயர்களை, அவர்களோடு பாடியவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.